டிப்பர் அல்ல, சிப்பர்: பெரிய இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

மரம் வெட்டுவது ஒரு தொழில். வெட்டிய மரத்தை அந்த இடத்தைவிட்டு அப்புறப்படுத்துவது இன்னொரு தொழில். நம் நாட்டில் மரம் வெட்டும் கொந்தராத்துக்காரர்கள் முதலாவதற்குத்தான் கூலி பேசுகிறார்கள். இலாபத்தைப் பறிகொடுப்பதோ இரண்டாவதில். ஒரு மாரா மரத்தின் கிளைகளைக் கயிறு கட்டி இறக்க அரை நாள் போதும். அதே கிளைகளை லொறியில் அடுக்கி, மிதித்து, கட்டி, நாலைந்து தடவை ஓடிக் கொட்டி முடிக்க ஒன்றரை நாள் ஆகிவிடும். கிளைகளுக்கு நடுவே காற்றைத்தான் நாம் லொறிக் கூலி கொடுத்து ஏற்றிக்கொண்டு போகிறோம்.

அப்படிக் கொண்டுபோனாலும் கொட்ட இடமில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்த பிறகு, தங்கள் ஊரில் யாரும் எதையும் கொண்டுவந்து கொட்டுவதை மக்கள் பொறுத்துக்கொள்வதில்லை. வளவிலேயே வைத்து எரித்தால் அயலவர் சண்டைக்கு வருகிறார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

மறுபுறம், இத்தொழிலுக்கான தேவை கூடிக்கொண்டு வருகிறது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் வண்டியின் மேல் பெரிய மரமொன்று விழுந்து ஐந்து பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மண்சரிவையும் வெள்ளத்தையும் கொண்டுவந்தபோது, விழுந்த மரங்களை அகற்றாமல் உதவி லொறிகூட ஊருக்குள் போக முடியாத நிலை பல இடங்களில் இருந்தது. ஹோட்டல்கள், பாடசாலைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள் எல்லாம் இன்று ஆபத்தான மரத்தை விழுமுன்பே கவனிக்க ஆள் தேடுகின்றன. அதனால்தான் மரக்காலை, ஹார்ட்வெயார் வியாபாரத்தில் முப்பது வருடம் கழித்த என்னிடம் இளைஞர்கள் அடிக்கடி இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்: "நானா, பெரிய சிப்பர் ஒன்று எடுக்கலாமா?"

சிப்பர் என்பது கிளையை ஒரு பக்கத்தால் விழுங்கி, மறுபக்கத்தால் சிறு சீவல்களாக லொறிக்குள் துப்பும் இயந்திரம். இது புதுமையான பொருளல்ல. ஜேர்மனியைச் சேர்ந்த பீட்டர் ஜென்சன் என்பவர் 1884இல் இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் வெர்மியர், மோர்பார்க், பாண்டிட் ஆகிய கொம்பனிகளும், பிரித்தானியாவின் டிம்பர்வுல்ஃப் போன்றவையும் இத்துறையில் பேர்பெற்றவை. இந்த இயந்திரம் வந்தால் ஐந்து லொறிப் பயணம் ஒன்றாகக் குறையலாம். கேள்வி, எந்த இயந்திரம் என்பதுதான். பிழையான ஒன்றைப் பெரிதாக வாங்கினால் அது கிளையை விழுங்குமுன் முதலாளியை விழுங்கிவிடும்.

வாயின் அளவு மட்டும் போதாது

சிப்பர்களை அங்குலக் கணக்கில்தான் விற்கிறார்கள். 6 அங்குலம், 9, 12, 15, 18 என்று போகும். அந்த இயந்திரம் விழுங்கக்கூடிய ஆகப் பருத்த கட்டையின் விட்டம் அது. ஏழு பேரை வைத்து வேலை செய்யும் ஒரு தம்பி, பாவித்த 18 அங்குல இயந்திரம் ஒன்று மலிவாக வருகிறது, எடுத்துப் போடவா என்று கேட்டார். "தம்பி, 18 அங்குலக் கட்டையை அந்த வாய் மட்டத்துக்குத் தூக்குவது யார்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஈரமான மரம் ஏறக்குறைய தண்ணீரின் எடை என்று வைத்துக்கொண்டால், ஆறடி நீளமான 8 அங்குலக் கட்டை சுமார் 60 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். 12 அங்குலக் கட்டை சுமார் 130 கிலோ. 18 அங்குலக் கட்டையோ 300 கிலோவைத் தொடும். அமெரிக்காவில் இத்தகைய இயந்திரத்தோடு கம்பி வடம் சுற்றும் வின்ச் அல்லது கட்டையைக் கவ்வித் தூக்கும் லோடர் ஒன்றும் சேர்ந்தே வேலைக்குப் போகும். அது இல்லாதவரிடம் 18 அங்குல வாய் திறந்தபடியே இருக்கும், டீசல் மட்டும் உள்ளே போகும்.

இன்னொரு விஷயம் நம் நாட்டுக்கே உரியது. இங்கே எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட கட்டையை யாரும் சீவித் தள்ளக் கூடாது. பலகைக்கு ஆகுமானால் மரக்காலைக்குப் போகும். ஆகாவிட்டால் பேக்கரிக்கோ தேயிலைத் தொழிற்சாலைக்கோ விறகாகப் போகும். காசாகும் பொருளைக் காசு செலவழித்துத் தூளாக்குவது வியாபாரமல்ல. ஆகவே சிப்பருக்குள் போகவேண்டியது கொப்பும் கிளையும்தான்.

அப்படியானால் சின்ன இயந்திரமே போதுமே என்று நினைக்க வேண்டாம். இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். நான்கு அங்குலக் கிளையாக இருந்தாலும் அது கவராகப் பிரிந்து, மூன்றடி அகலத்துக்கு விரிந்து கிடக்கும். 6 அங்குல இயந்திரத்துக்குள் அதைப் போடுவதென்றால், ஒவ்வொரு கவரையும் சங்கிலி வாளால் நறுக்கிக் கொடுக்க இரண்டு ஆட்களை நிறுத்த வேண்டும். 12 அங்குல இயந்திரத்தின் அகன்ற வாயும், பலமான ரோலரும் அந்தக் கவரை நெரித்து உள்ளே இழுத்துவிடும். பெரிய இயந்திரத்துக்கு நாம் காசு கொடுப்பது பருத்த கட்டைக்காக அல்ல, விரிந்த கிளைக்காகவும் மிச்சமாகும் ஆட்கூலிக்காகவும். எனவே விற்பவரிடம் விட்டத்தை மட்டும் கேளாமல், வாயின் அகலம், உயரம், ரோலரின் எண்ணிக்கை, அது இழுக்கும் பலம் ஆகியவற்றையும் கேளுங்கள். என் அபிப்பிராயத்தில் ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 12 அங்குலமே பெரிய இயந்திரம். 15, 18 என்பவை வீதி அதிகார அமைப்புகளின் வேலையையோ பெருந்தோட்டத்தையோ நிரந்தரமாகக் கையில் வைத்திருப்பவருக்கு.

தட்டா, டிரம்மா?

கத்தி பூட்டிய முறை இரண்டு. ஒன்றில் பாரமான வட்டத் தட்டில் கத்திகள் இருக்கும். மற்றதில் டிரம் போன்ற உருளையில் இருக்கும். தட்டு வகை ஒரே அளவான சீவலைத் தரும், அதிர்வும் குறைவு. டிரம் வகைக்கு வாய் அகலம், கவர்க் கிளைகளை வெறியோடு இழுக்கும், ஆனால் சீவல் சற்று ஒழுங்கற்று வரும். சீவலைத் தொழிற்சாலைக்கு விற்க நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் பொய்லருக்கு எரிபொருள் ஊட்டும் திருகுக் குழாயில் நீண்ட சிம்பு ஒன்று சிக்கினாலும் தொழிற்சாலை நின்றுவிடும். அடுத்த லோட்டை அவர்கள் உங்களிடம் வாங்க மாட்டார்கள்.

நம் மரங்களின் குணத்தையும் பாருங்கள். தென்னோலையும் மட்டையும் நாராகக் கிழிந்து, சுழலும் தண்டைச் சுற்றிக்கொள்ளும். கத்தி மொட்டையாக இருந்தால் வெட்டுவதற்குப் பதிலாகக் கயிறு திரித்துவிடும். பலா, றப்பர், ஆல் போன்றவற்றின் பால் கத்தியிலும் சுவரிலும் பசையாகப் பிடித்து, தூளைச் சேர்த்து இறுகும். வீதியோர மரத்தில் விளம்பரப் பலகை அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். வேரோடு வந்த மண்ணும் மணலும் ஒரு நாளிலேயே கூர்மையைத் தின்றுவிடும். எனவே இயந்திரம் பார்க்கப் போகும்போது விற்பவர் காட்டும் மெல்லிய காய்ந்த கொப்பில் மயங்காமல், ஒரு லொறி தென்னோலையும் ஒரு பச்சைப் புளியங்கிளையும் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எஞ்சினும் நம் டீசலும்

12 அங்குல வகைகள் பெரும்பாலும் 75 முதல் 130 குதிரைவலுவுக்குள் வரும். வலுவைவிட முக்கியம் எஞ்சினின் வயது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் படிப்படியாக இறுகி, 2010களின் நடுப்பகுதியில் "டியர் 4" என்ற நிலை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வந்த பல எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், கணினிக் கட்டுப்பாடும், சிலவற்றில் யூரியாத் திரவமும் உண்டு. அவை கந்தகம் பத்து இலட்சத்துக்கு 15 பங்குக்கு மேற்படாத டீசலை எதிர்பார்க்கின்றன. நம் நாட்டில் 2018இல் அறிமுகமான யூரோ 4 தரத்து சுப்பர் டீசலில்கூட அந்தத் தரத்தின்படி 50 பங்கு வரை இருக்கலாம். சாதாரண டீசலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வடிகட்டி அடைத்தால் எஞ்சின் வலுக் குறைந்து நிற்கும். அதைத் திறந்து பார்க்க ஊர் பாஸிடம் கணினி இருக்காது.

ஆகவே பாவித்த இயந்திரம் எடுப்பவர், அந்தக் கட்டுப்பாட்டுக்கு முந்திய, பம்பும் நொசிலும் கொண்ட எளிய எஞ்சினை நாடுவது நல்லது. பெர்கின்ஸ், குபோட்டா, கம்மின்ஸ் போன்ற பெயராக இருந்தால் பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிய பிறகல்ல, வாங்குமுன் எஞ்சின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு ஒரு நாள் பஞ்சிகாவத்தையில் நடந்து வாருங்கள். எண்ணெய் பில்டர், பெல்ட், பெயாரிங், தண்ணீர்ப் பம்ப் ஆகிய நான்கும் கிடைக்குமா, என்ன விலை என்று எழுதி வாருங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் ஒரே மாதத்தில் 300ஐ நெருங்கிப் பின் தாண்டியதை நாம் கண்டோம். வெளிநாட்டிலிருந்து மட்டுமே வரும் ஓர் உதிரிப்பாகம் அப்படிப்பட்ட நாளில் உங்கள் தொழிலையே பூட்டிவிடும்.

கொண்டுபோவது எப்படி?

12 அங்குல இயந்திரம் இரண்டு முதல் மூன்று தொன் எடை. 18 அங்குலம் நான்கு, ஐந்து தொன்னைத் தாண்டும். நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் பத்தடி, பதினாலடி ஜப்பான் லொறிகள். மூன்று தொன்னை இழுத்துக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் வருவதற்கு அந்த இயந்திரத்துக்கே தனி பிரேக் இருக்க வேண்டும், லொறியிலும் அதற்கான இணைப்பு வேண்டும். இழுவை வண்டியின் பதிவு, விளக்கு, காப்புறுதி ஆகியவற்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள்.

அத்தோடு நம் ஒழுங்கைகள். வாடிக்கையாளரின் வளவுக்குப் போகும் வழி எட்டடியானால், பெரிய இயந்திரம் பிரதான வீதியில் நிற்கும். கிளைகளைத் தோளில் சுமந்து நூறு யார் நடப்பது உங்கள் ஆட்கள்.

கத்தியும் கையும்

இந்த இயந்திரத்தின் உயிர் கத்தியின் கூர்மையும், அசையாமல் இருக்கும் எதிர்க்கத்திக்கும் அதற்கும் இடையிலான சில மில்லிமீற்றர் இடைவெளியும்தான். கத்திகளைச் சோடியாகவே தீட்ட வேண்டும். ஒன்று எடை கூடி மற்றது குறைந்தால் டிரம் ஆடி, பெயாரிங் போகும். கைக் கிரைண்டரால் நீலம் பாயுமட்டும் தீட்டினால் உருக்கின் பதம் கெட்டுவிடும். தண்ணீர் ஊற்றித் தீட்டும் வேலைத்தளத்துக்கே கொடுங்கள். போல்ட்களைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு, அதற்கான அளவு ஸ்பானரால் முறுக்குங்கள். இரண்டு சோடிக் கத்தியும் கையேடும் இல்லாமல் இயந்திரத்தை எடுக்காதீர்கள்.

பாவித்த இயந்திரமானால், குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் இயக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கத்தி பூட்டும் இடம் தேய்ந்திருக்கிறதா, டிரம்மைச் சுற்றியுள்ள தகடு மெலிந்திருக்கிறதா, இழுவைத் தண்டின் ஒட்டில் வெடிப்பு உண்டா, ஹைட்ரோலிக் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். புதுப் பூச்சு எங்கே அடித்திருக்கிறதோ அங்கே கூடுதலாகப் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையில் முக்கியமானது. இந்த இயந்திரத்தின் ரோலர் ஒரு கிளையை ஒரு விநாடியில் ஓர் அடிக்கு மேல் இழுக்கும். கிளையில் சிக்கிய சட்டைக் கையையும் அதே வேகத்தில் இழுக்கும். கையை உதறி எடுக்க மனிதனுக்கு அவகாசம் இல்லை. வெளிநாடுகளில் இவ்வியந்திரத்தால் நேர்ந்த மரணங்கள் பல இப்படித்தான் நேர்ந்தன. நம் ஆட்கள் சாரம் கட்டி, தோளில் துவாய் போட்டு, இடுப்பில் கயிறு செருகி வேலை செய்பவர்கள். சிப்பருக்குப் பக்கத்தில் இம்மூன்றும் கூடாது. தரையில் கிடக்கும் ஏறுகயிறு கிளையோடு உள்ளே போனால், கயிற்றின் மறுமுனையில் மரத்தில் இருப்பவனையும் அது தேடும்.

எனவே இயந்திரம் பார்க்கும்போது முதலில் தொட வேண்டியது வாயைச் சுற்றியுள்ள நிறுத்துக் கம்பியை. அதைத் தள்ளினால் ரோலர் உடனே நின்று பின்னோக்கிச் சுழல வேண்டும். பழைய இயந்திரங்களில் "இடைஞ்சல்" என்று சொல்லி அதைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கிளையை அடிப்பக்கமாக, பக்கவாட்டில் நின்று போட்டுவிட்டு விலக வேண்டும். சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல் நீண்ட கொப்பால் தள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின்னும் டிரம் சில நிமிடம் சுழலும். அது முற்றாக நின்று, திறப்பு உங்கள் சட்டைப் பைக்குள் வராமல் மூடியைத் திறக்கக் கூடாது. ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றின் விலையை இயந்திரத்தின் விலையோடே சேர்த்துக் கணக்கிடுங்கள். வேலையில் காயமடைந்தவருக்கு நட்டஈடு கொடுக்கும் கடமை 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி முதலாளியுடையது. சட்டத்தைவிடப் பெரியது, அவனை அனுப்பிவைத்த தாய்க்கு நாம் சொல்லவேண்டிய பதில்.

சீவல் எங்கே போகும்?

தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை உலர்த்த விறகையே நம்பியிருக்கின்றன. கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவை 2005இல் நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டதே எரிபொருள் தேவையை முன்னிட்டுத்தான். ஆகவே சீவலுக்குச் சந்தை உண்டு. ஆனால் பச்சைச் சீவலின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். வாங்குபவர் ஈரத்தை அளந்து விலை வெட்டுவார். கூரையின் கீழ் காயவைக்க இடம் வேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். இலையும் ஓலையும் கலந்த சீவல் பொய்லருக்கு ஆகாது. அது தென்னந்தோட்டத்தில் மரத்தடியில் பரப்ப நல்லது, ஈரத்தைக் காக்கும். சீவல் வருமானத்தை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள். இயந்திரம் லொறிக் கூலியில் தன் விலையைச் சம்பாதிக்க வேண்டும். சீவல் காசு மேலதிகம்.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் வெட்டிய மரத்தைத் தூளாக்கினாலும் குற்றம் தூளாகாது.

பணக் கணக்கு

ஓர் உதாரணம். இயந்திரம் வந்து இறங்கும்போது வரியெல்லாம் சேர்த்து 120 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி மட்டும் 18 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து வருடத்தில் 40 இலட்சத்துக்கு விற்கலாம் என்றால் தேய்மானம் 80 இலட்சம். மாதத்துக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 33 ஆயிரம். மாதம் 20 நாள் வேலை இருந்தால் நாளுக்கு 6,700 ரூபா விழும். 10 நாள்தான் வேலையென்றால் 13,300 ரூபா. இதன்மேல் டீசல், கத்தி, ஆட்கூலி. இயந்திரம் ஒன்றே, விலை ஒன்றே. வேலை நாள்தான் அதை இலாபமாகவோ நட்டமாகவோ ஆக்குகிறது. டீசலையும் ஒரே விலையில் போடாதீர்கள். 2022இன் தொடக்கத்தில் 121 ரூபாவுக்கு விற்ற லீற்றர் அவ்வருட ஜூன் இறுதியில் 460 ரூபா.

எனவே யாரிடமும் முற்பணம் கொடுக்குமுன் ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை லொறிப் பயணம், கூலி எவ்வளவு, ஒழுங்கை எத்தனை அடி, விறகுக்கு ஒதுக்கியபின் மிஞ்சிய ஆகப் பருத்த கிளை எத்தனை அங்குலம், ஆட்கள் சும்மா நின்ற நேரம் எவ்வளவு என்று ஐந்து நிரல் போதும். மாத முடிவில் அந்தக் கொப்பியே உங்களுக்கு எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடும். பத்து நாளுக்கும் குறைவாக வேலை வருமானால், அடுத்த ஊரில் இதே தொழில் செய்யும் இருவரைச் சேர்த்துப் பங்கில் எடுக்கலாம். யார் எந்த நாள், கத்திச் செலவு யாருக்கு, உடைந்தால் யார் பொறுப்பு, பிரிந்தால் எப்படி என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் மார்க்கம் நமது. தவணைக்கு எடுப்பவர் வட்டியில்லா முறையில் இஜாரா, முராபஹா வசதிகளை விசாரிக்கலாம். ஆனால் வட்டியில்லாத் தவணையும் தவணைதான். வேலை இல்லாத மழை மாதத்திலும் அது வரும்.

மனைவியின் நகையை அடகு வைத்தும், வாப்பா விட்டுப்போன காணித் துண்டை விற்றும் இயந்திரம் எடுக்கும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்களுடைய துணிச்சலை மதிக்கிறேன். அந்தப் பணம் ஊரார் திரும்பிப் பார்க்கும் பெரிய வாய்க்குப் போகாமல், மாதத்தில் இருபது நாள் வேலை செய்யும் சரியான வாய்க்குப் போகட்டும். வேலை செய்பவர்கள் பத்து விரலோடு வீடு திரும்பட்டும். அந்த இரண்டும் அமைந்தால் பரகத் தானாக வரும், இன்ஷா அல்லாஹ்.